புகைக்கு வழி, பிறகே அடுப்பு
பழைய வீட்டுக்கு விறகடுப்புத் தேடுவோர்க்குச் சில சொற்கள்

மார்கழி பிறந்துவிட்டால் மைசூரில் விடியற்காலைப் பனி தன் வேலையைத் தொடங்கிவிடும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. ஜனவரி மாதத்து அதிகாலையில் வெப்பம் 16, 17 டிகிரி அளவுக்கு இறங்கும். உதகமண்டலத்தில் வாழ்வோர் இதைக் கேட்டால் நகைப்பர். ஆயினும், தஞ்சைத் தரணியின் வெயிலில் வளர்ந்து, பிழைப்பின் பொருட்டு இந்த மேட்டு நிலத்துக்கு வந்து குடியேறிய நம்மவருக்கு, அதிலும் வீட்டிலுள்ள முதியோருக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும், அந்தக் குளிரே போதுமானது.

குளிர் வந்ததும், “குளிக்க வெந்நீர் வேண்டும், உட்காரச் சற்றுக் கணப்பு வேண்டும்” என்ற பேச்சு வீட்டில் எழும். பழைய வீடுகளில் குடியிருப்போருக்கு அப்போது விறகடுப்பின் நினைவு வரும். கொல்லையில் தென்னை மட்டை விழுந்து கிடக்கின்றது. தேங்காய் மட்டையும் கொட்டாங்கச்சியும் குவிந்து கிடக்கின்றன. பழைய மின்கம்பிகளோ வெந்நீர்க் கருவியின் சுமையைத் தாங்காமல் அடிக்கடி கருகுகின்றன. ஆகவே, “ஓர் அடுப்பு வாங்கினால் என்ன?” என்று தோன்றுவது இயல்பே.

எந்த அடுப்பை வாங்கலாம் என்று சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டனர். நான் அடுப்பு வணிகனும் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீதுகளோடு காலங்கழிக்கும் எழுத்தன். எனினும் இந்த விஷயத்தில் பெரும் விலை கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்து, நூலிழையில் தப்பியவன். அந்த உரிமையைக் கொண்டே இதை எழுதுகின்றேன்.

அன்று காலை

நாங்கள் குடியிருப்பது நகரின் பழைய பகுதியில், ஓடு வேய்ந்த ஒரு வீட்டின் பாதி. முழு வீடாக இருந்த காலத்தில் அது நடுவே முற்றம் வைத்த வீடு. கன்னடத்தில் இதைத் ‘தொட்டி மனை’ என்பர். பாகப் பிரிவினைக்குப் பின் நடுவே சுவர் எழும்பிற்று. எங்கள் பங்குக்கு வந்த முற்றத்துத் துண்டைத் தகரம் மூடிற்று. குளியலறையில், செங்கற்கட்டில் பதித்த செம்பு அண்டா ஒன்று பழங்காலச் சின்னம்போல் நின்றது. அதன் புகைபோக்கியை, மழைநீர் இறங்குகிறது என்று முன்பு குடியிருந்தவர் சிமெண்டு பூசி அடைத்திருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதம். என் மனைவி எங்கள் இரண்டாம் குழந்தையைப் பெற்று இருபது நாட்கள் ஆகியிருந்தன. பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் ஆகாது என்று என் தாயார் நாள்தோறும் குமுட்டியில் கரி மூட்டி, சாம்பிராணி போட்டுத் தலையை உலர்த்துவார். அன்று மாலை உலர்த்தியபின், மிஞ்சிய தணலை வீணாக்குவானேன் என்று, அதைக் கட்டிலுக்கு அருகிலேயே வைத்துவிட்டார். கொசுவுக்காகச் சன்னல் சாத்தியிருந்தது. பனிக்காகக் கதவும் சாத்தியிருந்தது.

இரவுப் பணி முடிந்து காலையில் நான் வீடு திரும்பியபோது, கதவு திறக்க நெடுநேரம் ஆயிற்று. தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, தலை பிளக்கிறது. நிற்க முடியவில்லை. இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது” என்றார். உள்ளே சென்று மனைவியை எழுப்பினேன். கண் விழித்தாள், மறுகணமே கண் சொருகிற்று. குழந்தை பாலுக்கு அழும் நேரம் அது, அழவில்லை. அறையில் புகை இல்லை. கெட்ட வாடை ஏதும் இல்லை. குமுட்டியில் சாம்பல் பூத்த கரியின் நடுவே சிறிது சிவப்பு மட்டும் தெரிந்தது.

நான் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு அஜ்ஜி ஓடி வந்தார். எண்பதை நெருங்கிய அம்மூதாட்டி குமுட்டியை ஒரு முறை பார்த்தார். “முதலில் வெளியே தூக்கு. யோசனை அப்புறம்” என்று கன்னடத்தில் அதட்டிவிட்டுச் சன்னல்களைத் தாமே திறந்தார். மூவரையும் தெருத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். வெளிக்காற்று பட்டுச் சிறிது நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிட இனிய ஓசையை இதுகாறும் நான் கேட்டதில்லை. மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தனர். கடவுள் அருளால் மூவரும் நலமாக வீடு திரும்பினர்.

அது என்ன நஞ்சு?

கரியோ விறகோ, போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமலை எழுப்பாது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். ஆகையால் மூச்சு வந்துகொண்டே இருக்கும். உடலோ பிராணவாயுவுக்கு ஏங்கும். தலைவலி, மயக்கம், வாந்தி, பின்பு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து விழியாதவர் பலர். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்கியோர் காலையில் உயிரற்றுக் கிடந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கின்றோம். படித்தும், அது நம் வீட்டுக் குமுட்டியைப் பற்றிய செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் மற்றொன்றும் சொன்னார். விரலில் மாட்டிப் பார்க்கும் பிராணவாயு அளவுகருவி இந்த நஞ்சில் நம்மை ஏமாற்றும். நஞ்சு கலந்த இரத்தத்தையும் நல்ல இரத்தம் என்றே காட்டும். ஆகவே ஒரே வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே காலத்தில் தலைவலி கண்டால், கருவியைத் தேடாமல் கதவைத் திறக்க வேண்டும். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். குளியலறைக்குள் எரியும் எரிவாயு வெந்நீர்க் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வழக்கம் வந்தது, முற்றம் வரவில்லை

வீடு திரும்பிய பின் என் தாயார் பல நாள் சரியாக உண்ணவில்லை. “உன்னையும் உன் தங்கையையும் இந்தக் குமுட்டி வைத்துத்தானே வளர்த்தேன்! அப்போது ஒன்றும் ஆகவில்லையே! இப்போது என் கையாலேயே...” என்று சொல்லி நிறுத்திவிடுவார். “அத்தை, நீங்கள் அன்போடு செய்ததுதானே” என்று என் மனைவி தேற்றுவாள். ஆனால் தாயாரின் கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. நெடுநாள் யோசித்த பின் எனக்கு அது புலப்பட்டது.

கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டில், குமுட்டி இருந்தது தாழ்வாரத்தில். அதற்கு நாலடி தூரத்தில் வானம் பார்த்த முற்றம். நாட்டு ஓட்டின் இடுக்குகள்தோறும் காற்று வரும், போகும். அங்கே நச்சு வாயு தங்க இடமில்லை. மைசூருக்கு வந்தபோது நாம் குமுட்டியைக் கொண்டுவந்தோம், சாம்பிராணியைக் கொண்டுவந்தோம், பிள்ளை பெற்றவளைப் பேணும் முறையைக் கொண்டுவந்தோம். முற்றத்தைக் கொண்டுவர இயலவில்லை. வழக்கத்தின் ஒரு பாதி வந்தது. அதைக் காத்து நின்ற மறுபாதி ஊரிலேயே தங்கிவிட்டது. இதைத் தாயாரிடம் சொன்னேன். அன்றுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது. “அப்படியானால் அடுப்பின்மேல் குற்றமில்லை, இடத்தின்மேல்தான்” என்றார். இக்கட்டுரை முழுவதற்கும் அந்த ஒரு வாக்கியமே கருப்பொருள்.

எஞ்சின் தரும் பாடம்

அடுப்பு நன்றாக எரிய மூன்று வேண்டும்: உலர்ந்த விறகு, கீழிருந்து வரும் காற்று, மேலே போகும் வழி. இம்மூன்றையும் கண்ணால் காண விரும்புவோர், 1979-இல் மைசூரில் திறக்கப்பட்ட ரயில் காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளோடு சென்று நீராவி எஞ்சின்களைப் பார்க்கலாம். நெருப்புப் பெட்டியின் அடியில் இரும்புக் கம்பித் தட்டு இருக்கும். அதன்மேல் நிலக்கரி, அதன் கீழே சாம்பல் தட்டு. காற்று அடியிலிருந்து நுழைந்து, கரியினூடே ஏறும். சூடான வாயு குழாய்களின் வழியே நீரைச் சுட வைத்துக்கொண்டே சென்று புகைபோக்கியில் வெளியேறும். வேலை செய்து முடித்த நீராவியும் அதே புகைபோக்கியில் பாய்வதால், அது நெருப்பினூடே மேலும் காற்றை இழுத்துக்கொண்டு போகும்.

1829-இல் ஸ்டீபன்ஸன் அமைத்த ‘ராக்கெட்’ என்னும் எஞ்சினில் ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாக 25 செம்புக் குழாய்கள் இருந்தன. சூடு நீரைத் தொடும் பரப்பு பெருகிற்று. எஞ்சினும் பந்தயத்தில் வென்றது. வீட்டு அடுப்பின் நியதியும் இதுவே. சுவாலை பாத்திரத்தை எவ்வளவு பரப்பில் தழுவிச் செல்கின்றதோ அவ்வளவு விறகு மிச்சம். நம் வீட்டு அடுப்பில் நீராவி இழுப்பு இல்லை. ஆகவே புகைபோக்கியின் உயரம் ஒன்றே இழுப்பைத் தரும். சூடான வாயு இலேசானது. அது உயர்ந்த குழாயில் மேலேறும்போது, அதன் இடத்தை நிரப்பப் புதுக்காற்று அடுப்பின் வாயில் நுழையும். குழாய் குட்டையானால், குளிர்ந்தால், அல்லது கரி படிந்து குறுகினால், புகை திரும்பி வீட்டுக்குள் வரும்.

நால்வகை அடுப்புகள்

கடைகளிலும் பழைய வீடுகளிலும் நாம் காண்பவை பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, குமுட்டி. விலை குறைவு, தூக்கிச் செல்லலாம், புகை காணாது. புகை காணாததே அதன் பெரும் அபாயம். கதவு சாத்தும் எந்த அறைக்கும் அது ஆகாது. அப்பளம் சுடவும், சோளம் வாட்டவும், கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, செம்பு பாய்லர். உருளை வடிவமான பாத்திரத்தின் நடுவே நெருப்புக் குழாய் ஓடும். சுற்றிலும் நீர் நிற்கும். ருஷ்ய நாட்டுச் சமோவாரும் நம் தேநீர்க் கடைப் பாய்லரும் இதன் உறவினரே. நெருப்பு நீரின் நடுவிலேயே இருப்பதால் நீர் விரைவில் சுடும். கொட்டாங்கச்சியும் சிறு சுள்ளியுமே போதும். நால்வர் அடங்கிய குடும்பத்துக்கு இது நல்ல சாதனம். ஆனால் மேலே குழாய் பொருத்திப் புகையை வெளியே விடாவிட்டால், குளியலறையில் வைக்கலாகாது. திறந்த கொல்லையில் வைத்து, நீரை வாளியில் கொண்டுவருவதே நன்று.

மூன்றாவது, பதித்த அண்டா. கன்னடத்தில் ‘ஹண்டெ’ என்பர். அதன் அடுப்பு ‘ஒலெ’. கொல்லனின் உலையும், சோற்றுக்கு வைக்கும் உலையும், இந்த ஒலெயும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். தமிழில் ‘பால்’ என்பது கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதுபோல், நம் ‘புகை’ அங்கே ‘ஹொகெ’ ஆயிற்று. சொல் மாறினும் கண்ணெரிச்சல் ஒன்றே! பெரிய குடும்பத்துக்கும் பழைய வீட்டுக்கும் ஏற்றது இந்த அண்டாவே. ஒரு முறை சூடேறினால் கட்டுமானமே நெடுநேரம் வெப்பத்தைத் தாங்கி நிற்கும். இதில் நல்ல அமைப்பு எதுவெனில், விறகு தள்ளும் வாய் குளியலறைக்குள் இராமல், புறச்சுவருக்கு வெளியே அமைந்ததாகும்.

நான்காவது, அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்பு. காஷ்மீரத்தில் ‘புகாரி’ என்பது இவ்வகை. ஆங்கிலேயர் வழக்கமான திறந்த கணப்பு மாடத்தில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கியோடு போய்விடும். இக்குறையை நீக்கவே அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் இரும்பு அடுப்பு ஒன்றை வகுத்தார். உதகை, குன்னூர், கொடைக்கானல் ஆகிய ஊர்களில் நம் உறவினர் இருப்பின், மூடிய கதவும் முறையான குழாயும் உடைய இரும்பு அடுப்பு அவர்களுக்குத் தகும். மைசூர் ஓட்டு வீட்டுக்கோ அது மிகை. ஓட்டின் இடுக்கு வழியே வெப்பம் வெளியேறும். அடுப்பு அணைந்தவுடன் அறை பழையபடி குளிரும். இங்கே குளிர் ஓரிரு மாதத்து விருந்தாளி. அதற்குக் கம்பளியும் வெந்நீரும் போதும்.

புகையில்லா அடுப்பு என்பது புதிய எண்ணமன்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, ஏழை எளியோர்க்கும் புகையற்ற சமையலறை வேண்டும் என்று 1953-இலேயே நூல் எழுதி வெளியிட்டார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி முதலியோர் 1974-இல் தொடங்கிய ‘அஸ்திரா’ அமைப்பு, 1980-களின் தொடக்கத்தில் ‘அஸ்திரா ஒலெ’ என்ற அடுப்பை உருவாக்கிற்று. கம்பித் தட்டு, மூடிய நெருப்பறை, மூன்று பாத்திரங்களைத் தொட்டுச் செல்லும் சுவாலை, கடைசியில் புகைபோக்கி என்பன அதன் அங்கங்கள். நாட்டரசும் 1983-இல் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நடத்திற்று. கோடிக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. காரணங்களுள் முக்கியமானது, புகைபோக்கியைத் துடைப்பார் இல்லாமை. அடுப்பைக் கட்டுவது ஒரு நாள் வேலை. பேணுவது ஆயுட்கால வேலை.

வீட்டைப் படித்தல்

கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள்.

கூரையை முதலில் நோக்குங்கள். ஓட்டு வீட்டில் கைமரமும் ரீப்பரும் மரம். மெட்ராஸ் தளமாயின் செங்கல்லுக்குக் கீழே உத்தரக் கட்டைகள் மரம். சூடான ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, இடைவெளி இருக்க வேண்டும். பல ஆண்டு உலர்ந்த மரம் சூட்டுக்கு எளிதில் இரையாகும். மைசூர் மன்னரின் பழைய அரண்மனை மரத்தாலானது. 1897-இல் அரச குடும்பத்துத் திருமணத்தின்போது அது தீக்கிரையாயிற்று. இன்று நாம் காணும் அரண்மனை 1912-இல் கட்டி முடிந்தது. அரசர் மீண்டும் கட்டினார். வாடகை வீட்டில் இருக்கும் நாம் என் செய்வோம்?

இரண்டாவது, புகைபோக்கியின் தலை. கூரை முகட்டுக்குக் கீழே நின்றால், காற்று புகையைத் திருப்பி அடிக்கும். குழாயிலிருந்து பத்தடி சுற்றளவுக்குள் உள்ள கூரையின் எப்பகுதியையும் விட இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும். மழைக்கு மேலே தொப்பி வேண்டும். அண்டை வீட்டுச் சன்னலுக்கு நேராகக் குழாயை நிறுத்துவது நட்பைக் கெடுக்கும். பழைய கல்நார்க் குழாய் கிடைத்தாலும் பயன்படுத்த வேண்டா. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மூன்றாவது, காற்று நுழையும் வழி. புகை போகக் குழாய் இருந்தாலும், காற்று வரச் சன்னலோ துளையோ இல்லாவிட்டால் அடுப்பு திணறும். 1890-களின் இறுதியில் கொள்ளைநோய் மைசூரை வாட்டிய பின், 1903-இல் அமைந்த நகர அபிவிருத்திக் குழு அகன்ற தெருக்களையும் காற்றோட்டமான மனைகளையும் வகுத்தது. அப்படித் திறந்த வழிகளை நாம் தகரத்தாலும் சிமெண்டாலும் ஒவ்வொன்றாக அடைத்து வருகின்றோம்.

நான்காவது, வீட்டு உரிமையாளரின் சம்மதம். அதை எழுத்தில் பெறுவது நன்று.

விறகும் கணக்கும்

இல்லத்தரசிகள் விரும்புவது கணக்கு. ஆகையால் அதையும் தருகின்றேன். 60 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு உயர்த்த 1,500 கிலோ கலோரி வெப்பம் தேவை. நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகில் ஏறத்தாழ 3,600 கிலோ கலோரி அடங்கியுள்ளது. திறந்த கல்லடுப்பில் பத்தில் ஒரு பங்கே நீரைச் சேரும் என்று கொண்டால், நான்கு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். கம்பித் தட்டும் மூடிய நெருப்பறையும் அமைத்துப் பத்தில் மூன்று பங்கு சேருமாறு செய்தால், ஒன்றரை கிலோவே போதும். இதே வேலையை மின்சாரத்தால் செய்தால் சுமார் இரண்டு யூனிட் செலவாகும். ஆகவே விறகை விலைக்கு வாங்குவோர் இரண்டு செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கொல்லையில் மட்டை விழுவோர்க்கே விறகு நிச்சயமான ஆதாயம். வெயில் விழும் மொட்டைமாடி உடையோர் சூரிய வெந்நீர்க் கலம் வைப்பது எல்லாவற்றிலும் மேலானது. சரிந்த ஓட்டுக் கூரையில் அதன் தொட்டியை ஏற்ற இயலாமையால் எங்களுக்கு அந்தப் பேறு இல்லை.

விறகில் ஈரம் பெரும் பகை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவும் நீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பு களைத்துப் போகும்; மிஞ்சுவது புகையும் குழாயில் படியும் கரிப்பிசினும். பிளந்த விறகை நிழலில், தரையில் படாமல், காற்றுப்பட ஆறு மாதம் அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் மந்தமாக ஒலிப்பது ஈர விறகு. கணீரென்று ஒலிப்பது உலர்ந்தது. சவுக்கு, புளி, வேம்பு ஆகியவை நன்றாக நின்று எரியும். தென்னை மட்டை பற்றவைக்க உதவும். சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, நெகிழிப் பை, அரளிக் கட்டை ஆகியவற்றை ஒருபோதும் அடுப்பிலிடலாகாது. அவற்றின் புகை நஞ்சு.

புகை என்றால் கண்ணீர் மட்டுமே என்று எண்ண வேண்டா. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகில் நெடுநேரம் இருப்பவர் பெண்களும் குழந்தைகளுமே.

நாங்கள் செய்தது

இறுதியில் நாங்கள் புதிய அடுப்பு ஒன்றும் வாங்கவில்லை. வீட்டு உரிமையாளரின் இசைவோடு, ஹண்டெ ஒலெ கட்டிப் பழகிய முதிய கொத்தனார் ஒருவரை அழைத்தோம். பழைய அண்டாவைப் பெயர்த்து எடுத்து ஈயம் பூசினோம். அடுப்பின் வாயை உட்புறம் அடைத்து, கொல்லைப்புறச் சுவரில் திறந்தோம். இரும்புக் கம்பித் தட்டு, அதன் கீழே சாம்பல் அறை, வாய்க்கு ஓர் இரும்புக் கதவு. அடைத்திருந்த புகைபோக்கியை இடித்துத் திறந்தபோது, கரியோடு ஒரு குருவிக்கூடும் விழுந்தது. செங்கல் வைத்து அதை முகட்டுக்கு மேல் உயர்த்தி, தொப்பி போட்டோம். முற்றத்துத் தகரத்தில் ஒரு பகுதியை அகற்றிக் கம்பி வலை அமைத்தோம். மழைநாளில் சிறிது சாரல் விழும், விழட்டும்.

முன்பு அதே அண்டாவைச் சில நாள் எரித்தபோது, பார்சல் தராசில் எடை பார்த்துப் பழகிய கையால், நாளுக்கு ஐந்து கிலோ விறகு என்று மதிப்பிட்டிருந்தேன். இப்போது இரண்டு கிலோவில் வேலை முடிகின்றது. மாதம் ஒரு முறை குழாயைத் துடைக்கின்றேன்; அந்த வேலையை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கின்றேன். படுக்கையறைக்குள் நெருப்பு நுழைவதே இல்லை. குளிர் மிகுந்த இரவுகளில் ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றித் தாயாரின் காலடியில் வைக்கின்றோம். எச்சரிக்கை ஒலி எழுப்பும் கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றும் சுவரில் இருக்கின்றது. அது இதுகாறும் ஒலித்ததில்லை.

அந்தக் குமுட்டியை எறிந்துவிடலாம் என்றேன். தாயார் இசையவில்லை. “அது என் மாமியார் கொடுத்தது” என்றார். இப்போது அது கொல்லைப்புறத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றது. அதிலே மண் நிரப்பித் துளசி நட்டிருக்கின்றார். அதன் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை விளையாடுகின்றது.

அன்பர்களே, அடுப்பைக் கடையில் தேர்ந்தெடுக்காதீர்கள், வீட்டில் தேர்ந்தெடுங்கள். புகை எங்கே போகும், காற்று எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே விலையைக் கேளுங்கள். வெப்பம் வீட்டுக்குள் வரட்டும். நெருப்பு வெளியே நிற்கட்டும். சொந்த ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த வழக்கங்களை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அவற்றுக்கு ஏற்ற முற்றம் இங்கே இருக்கின்றதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் எவரேனும் தணலை அறைக்குள் எடுத்துச் செல்லக் கண்டால், எதிர்வீட்டு அஜ்ஜியின் குரல் உங்கள் செவியில் ஒலிக்கட்டும்: முதலில் வெளியே, யோசனை அப்புறம்.